தென்னைக்குப் போடற பொடி

கொஞ்சம் நவுந்துக்கோ கண்ணு. இந்தப் பையை மடியில வெச்சா எண்ணெய் சாஞ்சிரும், கீழ வெச்சா எவனாச்சும் மிதிச்சுப் போடுவான். ஆங், நடுவுல இருக்கட்டும். மணி என்னாச்சு? ஒம்பதே முக்காலா? சாட்சியாத்தா கோயிலுக்கு இந்த பஸ்ஸு பதினொண்ணரைக்குள்ள போயிருமா? கண்டக்டரைக் கேட்டா, "பஸ்ஸு போற நேரத்துக்குத்தான் போகும்"கிறான். அவன் வீட்ல ஒண்ணுன்னா இப்படிப் பேசுவானா?

உச்சிப்பூசைக்கு முன்னால நான் அங்க இருக்கோணும். பன்னெண்டு மணிக்கு நடை சாத்திருவாங்க. பன்னெண்டு மணிக்குத்தான் என்ற புள்ளைக்கு ஆபரேசனும். தாராபுரத்துல ஆஸ்பத்திரில கெடக்கறா. ஒம்பது மாசம் கண்ணு, தலைச்சன். நேத்து விடியால கொண்டுபோய்ச் சேர்த்தோம். கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. தாயா புள்ளையான்னு சொல்ல முடியாதுங்கிறாங்க.

அவளை அங்க உட்டுட்டு இவ எங்க பையைத் தூக்கீட்டுப் போறான்னு பாக்கறே. பாரு, பாரு. எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. மாப்பிள்ளைகிட்டக்கூட வீட்டுக்குப் போயி மாத்துத் துணி எடுத்தாரேன்னு பொய் சொல்லீட்டு வந்திருக்கறேன். கோயிலுக்குன்னா அவரு உடமாட்டாரு, படிச்சவரு. ஆனா இது டாக்டரு கையில இல்ல கண்ணு. இது நான் போட்ட முடிச்சு. நாந்தான் போயி அவுக்கோணும்.

மொளகா அரைக்கப் போறேன்னு நெனச்சியா? அதெல்லாம் அரைச்சாச்சு. பத்தொம்பது நாளாச்சு. இப்ப அதைக் கழுவறதுக்குத்தான் எண்ணெயும் பாலும் எடுத்துட்டுப் போறேன்.

அந்தக் கோயில் வழக்கம் தெரியாதா உனக்கு? எந்த ஊரு நீ? நகை காணாமப் போனா, ஆடு களவு போனா, பொழைப்பை எவனாச்சும் கெடுத்தா, எங்க பக்கம் போலீசுக்குப் போகமாட்டாங்க. கால் கிலோ வரமொளகா வாங்கிட்டு சாட்சியாத்தாகிட்டப் போவாங்க. அங்கயே ஆட்டாங்கல்லு கெடக்குது. கையெரிய அரைச்சு, ஆத்தா முன்னால நிக்கற கல்லுல பூசி, வயித்தெரிச்சலைச் சொல்லீட்டு, திரும்பிப் பாக்காம வந்தரோணும். செஞ்சவன் எவனோ அவனுக்கு அந்த எரிச்சல் போயிரும். ஆனா பேரு சொல்லக்கூடாது. "எவன் செஞ்சானோ அவனுக்கு"ன்னுதான் சொல்லோணும். ஆளு யாருன்னு ஆத்தாளுக்குத் தெரியும். அதான் அங்கத்த சட்டம். அந்தச் சட்டந்தான் கண்ணு என்ற கழுத்தை அறுத்துப் போட்டுது.

ஒரு நாய்க்காக அரைச்சேன். சிரிக்காதே. நீ வளத்திருந்தாத் தெரியும்.

அவரு போயி எட்டு வருசமாச்சு. புள்ள சுகன்யாளையும் கட்டிக் குடுத்துட்டேன். அம்மா தனியா இருக்கறாளேன்னு அவதான் குட்டியில கொண்டாந்து உட்டுட்டுப் போனா. வெள்ளை வெளேர்னு சடை நாய். பஞ்சுன்னு பேரு வெச்சோம். நாலு வருசமா என்ற கட்டலுக்குக் கீழதான் படுக்கை. நான் டீவில நாடகம் பாத்தா பக்கத்துல உக்காந்துக்கும். மாமியாக்காரி கத்துனா இதுவும் கத்தும். ஒருவாய் சோறு அதுக்குப் போடாம நான் உண்டதில்ல. பெத்தது கூட எதுத்துப் பேசும் கண்ணு, அது ஒரு நாள் பேசினதில்ல.

பக்கத்து வீட்டுக்காரி பேரு சம்பூரணம். நடுவுல ஒரே செவுருதான். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவ. முந்நூறு தென்னை இருக்குது அவங்களுக்கு. ஒரே பையன். அவனுக்குத் தோட்டம் புடிக்கலை, லாரி ஓட்டீட்டு வடக்க போறான். ஆறு மாசத்துக்கு முன்னால பஞ்சு அவ கோழிக்குஞ்சு ஒண்ணைக் கவ்வீருச்சு. சும்மா வெளையாட்டுக்குத்தான் கவ்வுச்சு, குஞ்சு செத்துப் போச்சு. அதுக்கு அவ, "இந்த நாயைக் கட்டிப் போடுங்க, இல்லாட்டி எங்காச்சும் கொண்டுபோய் உட்றுங்க"ன்னா. நாலு பேரு கேக்கச் சொன்னா. அன்னிக்கே நான் மனசுல முடிஞ்சு வெச்சுட்டேன்.

மாசி மாசம் சுகன்யாளுக்கு வளைகாப்புப் போட்டுக் கூட்டீட்டு வந்தோம். பங்குனி பொறந்ததும் வெயிலு கொளுத்துச்சு. வெயிலோட உண்ணியும் வந்துருச்சு. பஞ்சு காதுக்குள்ள கொத்துக் கொத்தா. புள்ளத்தாச்சி இருக்கற வீடு. இவ வேற நாயை மடியிலயே வெச்சுக்கறவ. நான் என்ன பண்ணட்டும்? ஊசி போட டவுனுக்குக் கொண்டுபோகோணும். யாரு தூக்கீட்டு அலையறது?

வீட்ல பொடி இருந்துது. தென்னைக்குப் போடற பொடி. எங்களுக்கும் முப்பது மரம் இருக்குது. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையுமல்ல, அதுக்கு மணலோட கலந்து மட்டை இடுக்குல போடுவாங்க. முப்பது மரத்துக்கு மூட்டையா வாங்க முடியும்? கடைக்காரன் மூட்டையில இருந்து அள்ளிக் காயிதத்துல பொட்டலங்கட்டிக் குடுப்பான். மிஞ்சுனதை நான் வீட்டுக்குப் பொழங்குவேன். வாசப்படில கோடு போட்டா எறும்பு வராது. கதவு நெலவுல போட்டாக் கரையான் வராது. பத்து வருசமாப் பொழங்கறேன், எனக்கு என்ன ஆச்சு? எறும்புக்கு ஆகுது, கரையானுக்கு ஆகுது, உண்ணிக்கு மட்டும் ஆகாதா?

எனக்கும் வெவரம் இருக்குது கண்ணு. அப்படியே அள்ளிக் கொட்டலை. காலி பவுடர் டப்பாவுல போட்டு, கொழந்தைக்குப் போடறாப்பல, முதுகு, வயிறு, காதுன்னு பதமாத் தூவுனேன். சடைக்குள்ள எறங்கோணுமேன்னு கையால தேச்சும் உட்டேன். "அம்மா, நக்குமே அது"ன்னா சுகன்யா. "நக்குனா என்ன, உன்னாட்டமா, அது நாயி. கண்டதையும் திங்கற வயிறு"ன்னேன்.

சம்பூரணம் துணி காயப்போட வந்தவ செவுத்துக்கு மேல எட்டிப் பாத்தா. "ஏனுங்கக்கா, அது தென்னைக்குப் போடற பொடியல்லொ? நாய் மேல போட்டீங்களா? மேலெல்லாம் நக்குமுங்க, மூச்சுல போகும். சோப்புப் போட்டுக் கழுவி உட்றுங்க. எங்கூட்ல அதைப் போட்டுட்டு வந்தா, குளிச்சாத்தான் அவரு உள்ள வருவாரு"ன்னா. எனக்கு வந்துச்சு கோவம். நாயை ஓட்டி உடுன்னவளுக்கு இப்ப என்ன அக்கறை? "உன்ற சோலியைப் பாத்துட்டுப் போ சம்பூரணம்"னேன். அவ துணியை ஒதறிக் காயப்போட்டுட்டு உள்ள போயிட்டா.

அடுத்த நாள் பொழுதோட அதே செவுத்துக்கு மேல பஞ்சுக்குக் கருவாட்டுச் சோறு போட்டா. என்ற ரெண்டு கண்ணால பாத்தேன். அதுக்கும் அடுத்த நாள் வெள்ளிக்கெழமை. காலைல பஞ்சு எந்திரிக்கலை. வாயில எச்சி நூல் நூலா வடியுது. கண்ணுமணி ஊசிமொனையாட்டச் சின்னதாயிருச்சு. பொறகு பின்னங்கால் இழுத்துச்சு பாரு... ஒரு ஒதறு ஒதறும், அடங்கும், மறுபடியும் ஒதறும். நான் மடியில போட்டுட்டு மோரு ஊத்துனேன், வேப்பெண்ணெய் ஊத்துனேன். என்ற மூஞ்சியையே பாத்துட்டு இருந்துச்சு கண்ணு. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது.

அப்பவும் அந்தச் சம்பூரணம் ஓடி வந்தா. "அக்கா, அந்தப் பொடிதாங்க, தூக்கீட்டு டாக்டர்கிட்ட ஓடலாம், நான் ஸ்கூட்டி எடுக்கறேன்"னா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்வாங்களல்ல? விசம்னு நாங்க யாரும் வாயத் தொறக்குமுன்ன இவளுக்கு எப்படித் தெரியும்? கருவாட்டுச் சோத்துல வெச்சவளுக்குத்தானே தெரியும்? அப்படித்தான் எனக்குப் பட்டுது. வாசல்ல நின்னு கத்துனேன். வீதியே கூடிருச்சு. "வர்ற செவ்வாக்கெழமை சாட்சியாத்தாகிட்ட மொளகா அரைக்கறேன் பாரு"ன்னேன். அவ, "அரைச்சுக்கோங்க்கா, எனக்கென்ன"ன்னுட்டுப் போயிட்டா. அந்தத் தைரியம் எனக்கு இன்னும் எரிச்சலாச்சு.

அரைச்சேன். கால் கிலோ சொன்னாங்க, நான் அரைக்கிலோ அரைச்சேன். கை ரெண்டு நாளுக்கு எரிஞ்சுது. கல்லுல பூசிட்டுச் சொன்னேன், "எம் பஞ்சுக்கு விசம் வெச்சது எந்தக் கையோ, அந்தக் கைக்காரி பெத்த புள்ள எம் பஞ்சாட்டவே துடிக்கோணும். கையி காலு இழுக்கோணும். அவ பாத்துட்டு நிக்கோணும்." வடக்க லாரி ஓட்டற பையனை நெனச்சுத்தான் சொன்னேன் கண்ணு. பேரு சொல்லலை. அதான் சட்டம்.

அட, எதுக்கு நிக்குது? ரயில்வே கேட்டா? ஐயோ, கேட்டுப் போட்டுட்டானா? எத்தனை நேரமாகும்? ஏப்பா டிரைவரு, கொஞ்சம் முன்னால... சரி சரி, தலை மேலயா ஓட்ட முடியும். மணி என்ன? பத்தே கால். ஆத்தா, என்னை ஏன் இப்படிச் சோதிக்கறே.

அப்புறமா? அப்புறம் நாய் போனாலும் உண்ணி போகலை. அதுக ஏறறதுக்கு ஒடம்பு இல்லாமச் செவுத்துல ஏறுது. ஒண்ணு சுகன்யா தலகாணியிலயே ஊறுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. அந்தப் பொடியவே எடுத்து, அவ கட்டலுக்கு அடியில, மெத்தைக்கு அடியில, செவுத்து ஓரமெல்லாம் போட்டேன். மெத்தை மேலயும் போட்டு, மேல விரிப்பு விரிச்சுட்டேன். நெறையத்தான் போட்டேன், புள்ளத்தாச்சியல்ல? ஃபேனைப் போட்டாப் பொடி லேசா மாவாட்ட எந்திரிக்கும், பொறகு அடங்கிரும். உண்ணி ஒண்ணு இல்லாமப் போச்சு. அதுல ஒரு கொறை சொல்ல முடியாது.

அந்த வாரத்துல இருந்தே அவளுக்குத் தலையிடி. வாந்தி. மாசம் ஏற ஏற அப்படித்தான் இருக்கும்னேன். எனக்கே நாலஞ்சு நாளாத் தலை கிண்ணுங்குது, கண்ணு மங்கலடிக்குது. வெயிலு அப்படி.

முந்தாநேத்துத்தான் எனக்குப் பொட்டுல அறைஞ்சாப்பல ஒண்ணு நடந்துச்சு. வீட்டுப் பின்னால பொடக்காளியில கோழி அடைக்கு வெச்சிருந்தேன், பதினோரு முட்டை. பேரப்புள்ளை பொறந்து வீட்டுக்கு வர்றப்பக் குஞ்சு ஓடீட்டு இருக்கோணும்னு ஆசை. கோழிக்குச் செல்லுப்பூச்சி புடிச்சிருச்சு. அதே டப்பாவை எடுத்து ரெக்கைக்குள்ள ரெண்டு தட்டுத் தட்டுனேன். பொழுதோட கூடையைத் தூக்கிப் பாக்கறேன்... கோழி சாஞ்சு கெடக்குது. மூக்குல தண்ணி. காலு ஒரு ஒதறு, அடங்குது, மறுபடியும் ஒதறு. அதே இழுப்பு கண்ணு. பஞ்சு இழுத்த அதே இழுப்பு.

கூடைக்குள்ள கவுத்து வெச்ச கோழிக்குச் சம்பூரணம் எப்படி விசம் வெப்பா?

எனக்குப் புரிஞ்சு போச்சு. யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதை. பஞ்சுக்கு விசம் வெச்சது இந்தக் கை. இந்தக் கையாலதான் சடைக்குள்ள தேச்சேன். இந்தக் கைக்காரி பெத்த புள்ள துடிக்கோணும்னு இந்தக் கையாலதான் மொளகா அரைச்சேன். பேரு சொல்லியிருந்தாலாச்சும் ஆத்தா தப்பான பேருன்னு தள்ளியிருப்பா. யாரு வெச்சாளோ அவளுக்குன்னு சொல்லிட்டனே! அவ கணக்கு சரியாத்தான் போட்டிருக்கறா.

டப்பாவையும் பொட்டலத்தையும் அப்படியே கொண்டுபோயி வாய்க்கால்ல கொட்டிக் கரைச்சு உட்டுட்டேன். ஒரு சிட்டிகை மிச்சம் வெக்கலை. இனி யாருக்கும் ஆபத்து இல்ல. கோழியைப் பொதைச்சேன். மாப்பிள்ளை ராத்திரி ஊருல இருந்து வந்தாரு, அவருகிட்ட ஒரு வார்த்தை மூச்சு உடலை. விடியால எந்திரிச்சு மொத பஸ்ஸுக்குக் கோயிலுக்குப் போயிரலாம்னு படுத்தேன். நாலு மணிக்குச் சுகன்யா கத்துனா. ஓடிப் பாத்தா, வேர்த்து ஊத்துது. வாயில எச்சி நிக்காம வடியுது. கையி காலு வெடுக் வெடுக்குங்குது. பஞ்சாட்டவே. நான் என்ன சொல்லிப் பூசுனனோ அதை ஒரு எழுத்து மாத்தாம ஆத்தா காட்டீட்டா.

டாக்டரம்மா பிரசர் ஏறிருக்கலாம்னாங்க, வலிப்புன்னாங்க. ஊசி மேல ஊசி போட்டும் அடங்கலை. அவங்களுக்கே ஒண்ணும் புடிபடலை, எனக்கு மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுது. "வீட்ல ஏதாச்சும் மருந்து கிருந்து பொழங்குனீங்களா? பூச்சி மருந்து, எலி மருந்து?"ன்னு ரெண்டு தரம் கேட்டாங்க. இல்லைங்கன்னுட்டேன். பக்கத்துல மாப்பிள்ளை நிக்கறாரு. நாயைக் கொன்னது நாந்தான்னு அவரு முன்னால எப்படிச் சொல்றது? அந்த நாயைக் காசு குடுத்து வாங்கியாந்தவரே அவருதான். அதுமில்லாம, அது நாய் செத்த கதை, கோழி செத்த கதை. அதுக நக்குச்சு, கொத்துச்சு, செத்துச்சு. மனுசங்க என்ன நக்கவா போறாங்க? அதைப் போயி டாக்டர்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது?

என்ன கண்ணு? என்ன... கையை உடு. எதுக்கு இப்படிப் புடிக்கறே?

மெத்தையா? ஆமா, மெத்தையிலதான் போட்டேன். அதுக்கு? விரிப்புப் போட்டிருக்குதுன்னு சொன்னனல்ல? மூச்சா? மூச்சுல எப்படி... தோலு வழியாவா? நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கறியா? பின்ன என்ன? நான் எத்தனை பெரிய வேதனையிலே கோயிலுக்குப் போறேன், நீ என்னமோ மெத்தை, ஃபேனுன்னு. நான் இங்க ஆத்தா கோவத்தைப் பத்திப் பேசறேன், நீ...

இரு. திரும்பச் சொல்லு.

எச்சி வடியறது. வேர்க்கறது. இழுப்பு. கண்ணுமணி... கண்ணுமணி பாக்கலையே நான். இல்ல, பாத்தாங்க. டாக்டரம்மா லைட்டு அடிச்சுப் பாத்துட்டு நர்சுகிட்ட, "ஏன் இவ்வளவு சின்னதா இருக்குது"ன்னாங்க. நான் கேட்டேன். என்ற காதுல கேட்டேன் கண்ணு. ஊசிமொனையாட்ட. அது எனக்கு வேற மாதிரிப் பட்டுது, ஆத்தா எழுதுன எழுத்தாட்டப் பட்டுது.

எத்தனை நாளு அதுல படுத்தா? பத்து... பன்னெண்டு நாளு. கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு. பகல்லயும் அதுலதான் படுத்துக் கெடந்தா. "அம்மா, இந்த ரூமுல ஒரு வாசம் அடிக்குது, மூச்சு முட்டுது"ன்னா. "உனக்கு எல்லாமே வாசமாத்தான் இருக்கும், மசக்கை இன்னும் உடலை"ன்னு சிரிச்சேன். சிரிச்சேன் கண்ணு நான்.

ஐயோ. ஐயோ என்ற சாமி.

போனு... போனு எங்க? பைக்குள்ள, எண்ணெய்க்கு அடியில. எடு, நீயே எடு. பச்சையை அமுக்கு, மாப்பிள்ளைதான் கடேசியாப் பேசுனது. அடிக்குதா? குடு.

மாப்பிள்ளைங்களா? நாந்தாங்க. இல்லீங்க, வீட்ல இல்ல. பஸ்ஸுல. அதெல்லாம் பொறகு சொல்றேன், வையுங்க, அதை உடுங்க. டாக்டரம்மாகிட்டப் போங்க. ஓடுங்க. போனைக் கையிலயே வெச்சுட்டு ஓடுங்க. சுகன்யா படுத்த மெத்தையில நான் பொடி போட்டிருக்கறேன். தென்னைக்குப் போடற பொடி, விசப்பொடி. ஆமாங்க, நாந்தான் போட்டேன். பஞ்சு அதுலதான் செத்துச்சு. கோழியும் செத்துச்சு. ஆமா, நேத்துக் கேட்டாங்க, இல்லைன்னு பொய் சொன்னேன். என்னை என்ன வேணாலும் திட்டுங்க, மொதல்ல அவங்ககிட்டச் சொல்லுங்க.

...ஓடறாரு. செருப்புச் சத்தம் கேக்குது.

டாக்டருங்களா? ஆமாங்க. வெள்ளையாங்க. கொஞ்சம் சாம்பலாட்ட. வாசம் அடிக்குமுங்க. பேரா? பேரு தெரியலீங்களே, பொட்டலத்துல கட்டிக் குடுத்ததுங்க. இல்லீங்க, எல்லாத்தையும் வாய்க்கால்ல கொட்டிட்டேன். கடை... இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, பூட்டியிருப்பானுங்க. எத்தனை நேரத்துல வேணும்? சீக்கிரம்னா... சரிங்க. சரிங்கம்மா. வெச்சறேன், கூப்படறேன்.

எதுக்கு மருந்து குடுக்கோணும்னு தெரியறதுக்குப் பொடி பேரு வேணுமாமா கண்ணு. ஒவ்வொண்ணுக்கு ஒவ்வொரு மாதிரியாமா. இருக்கறதை வெச்சு ஆரம்பிக்கறாங்களாமா, பேரு தெரிஞ்சா நல்லதுங்கிறாங்க. நான் எங்க போவேன் பேருக்கு?

...

தெரியும். யாருகிட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டாம். முந்நூறு மரத்துக்கு அவங்க மூட்டையாத்தான் வாங்குவாங்க. அதே கடை. மூட்டையில அச்சடிச்சிருக்கும். ஆனா அவகிட்ட எந்த வாயை வெச்சுட்டு நான் பேசறது? வீதியில நிக்க வெச்சு நாயைக் கொன்னவன்னேன். அவ பெத்த புள்ளை துடிக்கோணும்னேன். மொளகா அரைக்கறேன்னதையும் அவ நின்னு கேட்டுட்டுத்தான் போனா.

நீ பேசறியா கண்ணு? யாரோ மாதிரி? ...இல்ல. வேண்டாம். அவளுக்கு என்ற குரல் தெரியோணும். பக்கத்து வீடுன்னு இருக்கும் பாரு, சுகன்யாதான் போட்டு வெச்சா. அமுக்கு.

அடிக்குது.

எடுக்கலை. என்ற நம்பரைப் பாத்தா எதுக்கு எடுப்பா? நானா இருந்தா எடுக்கமாட்டேன். இன்னொருக்கா அமுக்கு.

சம்பூரணம்? நாந்தான், வேலாத்தா. வெச்சறாத! வெச்சறாத சாமி. சண்டைக்கில்ல. சுகன்யா ஆஸ்பத்திரில கெடக்கறா. நீ சொன்னியே அந்தப் பொடி, அதை அவ மெத்தையில நான் போட்டுட்டேன். ஆமா. ஆமா, மெத்தையிலதான். பஞ்சுக்கும் அதுதான். நீ சொன்னதுதான் சரி. டாக்டரு பேரு கேக்கறாங்க. உங்கூட்டு மூட்டையில...

ஓடறா கண்ணு. ஒரு வார்த்தை கேக்கலை, போனை வெக்காமயே ஓடறா. எதையோ தள்ளற சத்தம் கேக்குது.

என்ன? மெல்லச் சொல்லு, எனக்கு வாயில நுழையலை. இரு, இங்க ஒரு புள்ள இருக்கறா, அவகிட்டச் சொல்லு. இந்தா கண்ணு, நீ கேளு. டிக்கெட்டுப் பின்னால எழுது. ஒவ்வொரு எழுத்தாக் கேட்டு எழுது, தப்பாயிரக் கூடாது.

எழுதீட்டியா? ஆஸ்பத்திரிக்கு அதை அனுப்பத் தெரியுமா உனக்கு? உன்ற போன்லயே அனுப்பு. மாப்பிள்ளை நம்பரு சொல்றேன். ஆங்... போயிருச்சா? பாத்துட்டாரா? ரெண்டு நீலக்கோடு வந்துச்சுன்னா பாத்தாச்சா? வரலையா? வந்துருச்சா?

வந்துருச்சு.

கேட்டுத் தொறக்கறான் பாரு. நான் இங்கயே எறங்கிக்கறேன், எதுத்தாப்பல வர்ற பஸ்ஸுல ஏறித் தாராபுரம் போயிருவேன். ஆத்தாளுக்குப் பதிலை அப்புறம் சொல்லிக்கறேன், அவ எங்க போயிரப் போறா. ஏப்பா, நிறுத்து, எறங்கோணும்! அந்தப் போனைக் குடு கண்ணு. அவ இன்னும் லைன்ல இருக்கறாளா?

சம்பூரணம்... ஆங், குடுத்தாச்சு. டாக்டரு கைக்குப் போயிருச்சு. நீ லேபிளைக் கிழிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கே வர்றியா? ஸ்கூட்டியிலயா? சரி. சரி சாமி, நீ எனக்கு முன்னால போயிருவே. அவகிட்ட உக்காந்துக்கோ. ...இரு, வெச்சறாத. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்.

உன்ற பையன்... வடக்க இருக்கறவன்... நல்லா இருக்கறானா?

ஆமா. நாந்தான் கேக்கறேன்.